ஆயில் கூலர் வாங்குமுன் ஒருமுறை மலை ஏறிப் பாருங்கள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் கேமரன் மலையடிவாரத்தில், தாப்பாவில் இருக்கும் என் பட்டறை வாசலில் வெள்ளை டொயோட்டா 86 கார் ஒன்று வந்து நின்றது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் கதவு வரை அப்பியிருந்தது. ஓட்டி வந்த தம்பி இறங்கும்போதே சொன்னான்: "அண்ணே, ஆயில் கூலர் ஒன்று மாட்ட வேண்டும். என் கூட்டாளி மாட்டிவிட்டான்." எஞ்சின் எண்ணெயின் சூட்டைத் தணிக்கும் குட்டி ரேடியேட்டர்தான் ஆயில் கூலர்.

"எண்ணெய் எத்தனை டிகிரி ஏறுகிறது?"

"முள் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் இந்த வெயிலுக்கு..."

என்னிடம் கூலர் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இதையேதான் சொல்கிறார்கள். அந்த முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூடு. எண்ணெயின் சூடு தனிக் கணக்கு. தண்ணீர் 90 டிகிரியில் சாதுவாக இருக்கும்போதே எண்ணெய் 130ஐத் தொட்டிருக்கலாம். காலையில் இதற்கு நேர்மாறு: ஐந்து நிமிடத்தில் முள் நடுவுக்கு வந்துவிடும், எண்ணெயோ இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள ஓபிடி துளையில், அதாவது கார்க் கணினியின் தகவலைப் படிக்கும் துளையில், செருகும் புளூடூத் கருவி ஒன்றும் கைப்பேசியில் ஒரு செயலியும் இருந்தால் 86 போன்ற கார்கள் எண்ணெய்ச் சூட்டைக் கொடுத்துவிடும். பழைய புரோட்டோன் சத்திரியா ஜிடிஐ போன்றவற்றுக்குத் தனி மீட்டரும் சென்சரும் வேண்டும். சென்சரை எண்ணெய்த் தொட்டியில் வையுங்கள், அல்லது ஃபில்டருக்கு அடியில் வரும் தட்டில் வையுங்கள். கூலரிலிருந்து திரும்பி வரும் குழாயில் சென்சரை வைத்துவிட்டு, "பார்த்தீர்களா, எவ்வளவு குளிர்ச்சி" என்று மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. 90 முதல் 110 வரை எண்ணெய்க்கு நல்ல இடம். சிறிது நேரம் 120 போய் இறங்கினால் கவலை வேண்டாம். 130ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் பேச வேண்டிய விஷயம். போத்தலில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், அந்த 30 என்பது 100 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கிறது. 130ஐத் தாண்டினால் அதே எண்ணெய், 100 டிகிரியில் உள்ள 20 எண்ணெயைவிட நீர்த்துவிடும். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்கையும் அதைத் தாங்கும் பேரிங்கையும் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைப்பது அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். தவிர, சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும்.

தம்பியின் காரில் நானும் ஏறிக்கொண்டேன். தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கும் ரிங்லெட் வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு ஏற்றம். ஏர்கோன் ஓடியது, முன்னால் உரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது, நல்ல வெயில். லாத்தா இஸ்கண்டார் அருவியருகே 98. லாரியை முந்தி அவன் ஆசை தீர மிதித்த பிறகு, ரிங்லெட்டில் 106. அவ்வளவுதான். கேமரன் மலைக்கு இந்தக் கார் கூலர் கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கும் கேட்காது.

செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவாயா என்று கேட்டேன். "வருடத்துக்கு இரண்டு முறை" என்றான். அங்கே கதை வேறு. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், மிக நீளமான இரண்டு நேர்பாதைகள், எஞ்சின் உச்சச் சுழற்சியிலேயே நிற்கும். அடுத்த முறை போனபோது கைப்பேசியைப் பதிவு செய்ய விடச் சொன்னேன். நான்காவது சுற்றில் 127, ஆறாவதில் 134 என்று படம் அனுப்பினான். தொழிற்சாலைகளுக்கும் இது புதிதல்ல. மிட்சுபிஷி லான்சர் எவோவுக்குக் காற்றில் குளிரும் கூலர் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 2009இல் வந்த நிசான் 370இசட் கூலர் இல்லாமல் வந்தது. எண்ணெய் 138 டிகிரியைத் தொட்டால் அதன் கணினி எஞ்சின் சுழற்சியைக் குறைத்துவிடும். பிறகு கூலரோடும் விற்றார்கள்.

உங்கள் எண்ணும் இப்படி இருந்தால்கூட உடனே பணத்தை எடுக்காதீர்கள். பம்பரைக் கழற்றுங்கள். தம்பியின் காரில் ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே லாலான் புல்லின் பூப்பஞ்சு ஒரு படலமாக ஒட்டியிருந்தது. அதன்மேல் செம்மண் தூசி படிந்து, இறந்த தட்டான்கள் ஐந்தாறு. விரலால் இழுத்தபோது பழைய தலையணை உறைபோல் முழுதாகக் கழன்று வந்தது. அடித்தட்டில் ஒரு பக்கம் உடைந்து தொங்கியது. காற்று ரேடியேட்டர் வழியே சரியாகப் போக அந்தத் தட்டு வேண்டும். எண்ணெய் அளவு அரை லிட்டர் குறைவு. மலாய்க்காரர் எஞ்சின் எண்ணெயை மின்யாக் ஹீத்தாம், அதாவது கறுப்பெண்ணெய் என்று சொல்வதை இவன் அப்படியே நம்பி, கறுப்பாகும் வரை மாற்றாமலே வைத்திருந்தான். புதிய எண்ணெய் ஊற்றும்போது, தடத்துக்குப் போகிறவர்கள் கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கெட்டியானதைப் பார்க்கலாம். ஃபில்டருக்குப் பின்னால் தடித்த வளையம் ஒன்றும் அதில் இரண்டு தண்ணீர்க் குழாய்களும் தெரிந்தால், உங்களிடம் ஏற்கெனவே தண்ணீரில் குளிரும் கூலர் இருக்கிறது.

தேவையில்லாமல் மாட்டினால் என்ன கெட்டுப்போகும்? நானே கெடுத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவரின் சத்திரியாவுக்குப் பெரிய கூலராக மாட்டினேன், எண்ணெய் சூடாகும் வரை கூலருக்கு வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல். அவர் வீட்டிலிருந்து தோட்ட ஆபீசுக்கு 4 கிலோமீட்டர். மழைக்காலம் முடிந்து வந்தார். எண்ணெய் மூடியைத் திறந்தேன்: உட்புறம் முழுவதும் பழைய தேங்காய்ப்பால் ஏடுபோல் மஞ்சள் கலந்த வெண்மை. ஹெட் கேஸ்கெட் போய், ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறியது. ரேடியேட்டரில் தண்ணீர் சுத்தமாக இருந்தது, அளவும் குறையவில்லை. குறுகிய ஓட்டத்தில் எண்ணெய் சூடேறவே இல்லை. உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகவில்லை. அந்த ஓட்டமே போதும் ஏடு கட்ட, என் கூலர் அதை இன்னும் மோசமாக்கியது. கழற்றிக் கொடுத்துவிட்டுக் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அளந்து பார்த்து, சுத்தம் செய்து, பிறகும் எண் 130க்கு மேல் நிற்கிறது என்றால் மாட்டுங்கள். ஃபில்டருக்கு அடியில் வரும் தட்டை 80 டிகிரிக்கு மேல் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்குங்கள். கூலருக்குள் நுழையும் காற்றுக்கு வெளியேறவும் வழி வேண்டும். குழாய் எதிலும் உரசக்கூடாது. உரசித் தேய்ந்து ஓட்டை விழுந்தால் எண்ணெய் முழுவதும் ரோட்டில் கொட்ட அதிக நேரம் ஆகாது. மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, எண்ணெய் அளவை மறுபடியும் பாருங்கள், கூலரும் குழாயும் குடித்தது போகக் குறைந்திருக்கும். பழைய கூலர் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். எஞ்சின் வெடித்த காரிலிருந்து எடுத்ததாக இருந்தால் அதன் நுண்குழல்களில் இரும்புத்தூள் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது.

தம்பி கூலர் மாட்டவில்லை. மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக, 125 தெரிந்தால் காலை எடு என்று சொல்லி அனுப்பினேன். போன வாரம் மறுபடியும் வந்தான், பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று.