பேர் எழுதப் பென்சிலுக்கு அவசரமில்லை

குடியாத்தம் பக்கம் ஒரு ஊரில் அங்கன்வாடி நடத்துகிறேன். ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் பால்வாடிதான். வருகிறவர்கள் பெரும்பாலும் லுங்கி நெய்கிற, பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள். மூன்று வயது முடிந்ததுமே பாட்டிமார் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "இன்னா டீச்சர், பேத்திக்கு இன்னும் பேரு எழுத வரல?"

வரும். ஆனால் எழுதுவதற்கு முன்னால் பேரைப் பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும். அதற்கும் முன்னால், அது தன்னுடைய பேர்தான் என்று தெரிய வேண்டும். சிரிக்காதீர்கள். வீட்டில் அம்மு, பப்பு, தங்கம் என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை, பதிவேட்டில் இருக்கிற பேரைக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் சோறு ஊட்டும்போதும் தலை சீவும்போதும் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். செல்லப் பேரை விட வேண்டியதில்லை, இதுவும் கூட இருக்கட்டும். அப்புறம், பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ரகரமா றகரமா, னகரமா ணகரமா என்று வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும். அப்பா ஒரு விதமாகவும் சித்தி ஒரு விதமாகவும் எழுதிக் காட்டினால் பிள்ளை எதை நம்பும்?

அடுத்தது பேர் அட்டை. கடையில் வாங்க வேண்டாம். பீரோ மேல் கிடக்கிற பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும், நல்ல கெட்டி அட்டை. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். பூ, கிளி எதுவும் ஒட்டாதீர்கள். கிளி இருந்தால் பிள்ளை கிளியைத்தான் படிக்கும். ஆளுக்கொரு நிறத்தில் அட்டை வெட்டினாலும் அதே கதை. எல்லா அட்டையும் ஒரே அளவு, ஒரே நிறமாக இருக்கட்டும்.

எங்கள் மையத்தில் காலையில் பாயில் அட்டைகளைப் பரப்பி வைத்துவிடுவேன். அவரவர் அட்டையை எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். அதுதான் எங்கள் வருகைப் பதிவு. வீட்டில் என்றால் பிள்ளை பேரும் அப்பா பேருமாக இரண்டு அட்டையில் தொடங்குங்கள். பிறகு அக்கா, தாத்தா என்று சேர்க்கலாம். சின்னப் பிள்ளைகள் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள். அது சரியாக வந்த பிறகு தர்ஷன், தர்ஷினி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் கண் கடைசி வரைக்கும் போகும்.

தமிழில் ஒரு சங்கடம் உண்டு. தேவி என்று சொன்னால் காதில் முதலில் விழுவது தகரம். கண்ணில் முதலில் படுவது கொம்பு. யோகேஷ் என்றால் யகரத்துக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். இதை நாலு வயதுப் பிள்ளைக்கு விளக்கப் போகாதீர்கள். தே என்பது ஒரே உருவம், யோ என்பதும் ஒரே உருவம், அவ்வளவுதான். அட்டையைத் துண்டாக வெட்டி அடுக்கச் சொல்லும் விளையாட்டுக்கும் இதே விதி: கொம்பைத் தனியாக, தகரத்தைத் தனியாக வெட்டாதீர்கள். தாத்தா பாட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் சிலர் மீனாவின் னாவையும் கலைவாணியின் லையையும் இன்னும் பழைய வடிவத்தில்தான் எழுதுவார்கள். அட்டையில் உள்ளபடியே எழுதச் சொன்னால் போதும்.

இனி எழுத்து. முதலில் விரல்தான். தட்டில் கேவுரு (கேழ்வரகு) மாவை மெல்லிசாகப் பரப்பி ஆள்காட்டி விரலால் எழுதச் சொல்லுங்கள். நிறம் அடர்த்தியாக இருப்பதால் எவர்சில்வர் தட்டில் கோடு பளிச்சென்று தெரியும். வாசலில் கோலம் போடும்போது ஒரு சிட்டிகை மாவைப் பிள்ளை கையிலும் கொடுங்கள், ஆண் பிள்ளையாக இருந்தாலும் சரி. கோலமாவை விடுகிற விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகின்றன. சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது எல்லாமே விரலுக்குப் பலம்.

விரல் பழகியதும் சிலேட்டும் பல்பமும். புதுப் பல்பம் வேண்டாம், உடைந்த குட்டித் துண்டு கொடுங்கள். நீளமாக இருந்தால் உலக்கை மாதிரி மொத்தக் கையாலும் பிடிப்பார்கள். குட்டித் துண்டில் மூன்று விரலுக்குத்தான் இடம், பிடி தானாக வந்துவிடும்.

முழுப் பேரையும் ஒரேயடியாக எழுதச் சொல்லாமல் கடைசியிலிருந்து தொடங்குவது என் வழக்கம். கவின் என்று வைத்துக்கொள்வோம். நீங்களே எல்லாவற்றையும் எழுதி, கடைசிப் புள்ளியை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். புள்ளி வைக்க ஆசைப்படாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அது பழகியதும் ன் முழுவதும் அவன் வேலை. பிறகு வி, அப்புறம் க. எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் பேரை முடித்தது அவன்தான், அதில் ஒரு பெருமை.

இந்தக் காலத்துப் பேர்களில் ஷகரம் இல்லாத பேரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வைப்பது உங்கள் இஷ்டம். ஆனால் ப, ட மாதிரி நேர்கோட்டில் முடிகிற எழுத்தா அது? அந்தச் சுழியைச் சுற்றுவது நாலு வயது விரலுக்குச் சிரமம். ஷகரத்தை மட்டும் நீங்களே எழுதிக் கொடுங்கள், ஐந்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள். கை தொளதொளவென்று ஆகிவிடும், எழுதுவது நீங்களாகத்தான் இருப்பீர்கள். புள்ளி புள்ளியாக அச்சடித்த எழுத்தின் மேல் எழுதும் புத்தகமும் எனக்குப் பிடிக்காது. எங்கே தொடங்குவது என்று பல புத்தகங்கள் சொல்வதில்லை, பிள்ளை புள்ளிகளைச் சேர்க்கிறதே தவிர எழுத்தைப் பார்ப்பதில்லை. அதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை பார்க்கும்படி மெதுவாக எழுதிக் காட்டுங்கள். தொடங்கும் இடத்தைக் காட்டப் புள்ளி வைக்க வேண்டாம், மெய்யெழுத்துப் புள்ளியோடு குழம்பும். ஒரு சின்ன அம்புக்குறி போடுங்கள்.

சிலேட்டில் ஓரளவு வந்த பிறகு கோடு போடாத தாளும் தடிமனான பென்சிலும். எழுத்து இடம் வலம் மாறிக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம், ஆறேழு வயது வரைக்கும் அது சகஜம். ரப்பரைத் தூக்காதீர்கள். இடது கையால் எழுதினால் எழுதட்டும், கையை மாற்றி விடாதீர்கள்.

இன்னொன்று, அப்பாக்கள் விடாமல் கேட்பது: "இனிஷியல் எங்கே டீச்சர்?" அது ஒன்றாம் வகுப்பில் சேரட்டும்.