வெயிலில் வெந்த ஏல் பழைய ஏல் ஆகாது

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இப்போதெல்லாம் பெல்ஜியத்து ஏல் (பீரில் ஒரு வகை) பாட்டில்கள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. ஐரோப்பாவில் வேலை பார்க்கும் அண்ணனோ மச்சானோ லீவுக்கு வரும்போது கொண்டுவருவது. சுங்கத் தீர்வை இல்லாமல் ஒருவர் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். 330 மில்லி பாட்டில் ஆறு வைத்தால் 1.98 லிட்டர், கணக்கு கச்சிதம். அவ்வளவு தூரம் வேட்டிக்குள் சுற்றிப் பத்திரமாக வந்த பாட்டிலை வீட்டுக்கு வந்த பிறகு பாழாக்குவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குலுக்காதீர்கள், பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம்.

பீர் கணக்கில் குடிப்பது

ரோஷ்ஃபோர் 10 என்கிற பெல்ஜியத்து ஏலில் ஆல்கஹால் 11.3 சதவீதம். வெஸ்ட்ஃபிளெட்டரன் 12 என்கிற இன்னொன்றில் 10.2. சின்ன பாட்டில்தானே என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். 330 மில்லி ரோஷ்ஃபோரில் 37 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நம் கடையில் கிடைக்கும் 650 மில்லி சாதா பீரில், 5 சதவீதம் என்று வைத்தால், 32 மில்லிதான். மூன்று பேருக்கு ஒரு பாட்டில் போதும். ருசி பார்க்க உட்கார்ந்தவர்கள் இரண்டாவது பாட்டிலைத் தாண்டினால் அப்புறம் நாக்கு எதையும் சொல்லாது.

ஃப்ரீசரில் வைப்பது

வெளியே 38 டிகிரி அடிக்கும்போது கை ஃப்ரீசருக்குத்தான் போகும், புரிகிறது. ஆனால் உறையும் குளிரில் மணம் மேலே எழும்பாது. உலர்திராட்சை, பேரீச்சை, கிராம்பு, கருகப் போகும் தறுவாயில் இருக்கும் பாகு என்று இதில் இருப்பதெல்லாம் பத்து, பன்னிரண்டு டிகிரிக்கு மேல்தான் வெளியே வரும். சாதாரண ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் மேசையில் வையுங்கள். வாய் அகன்ற கண்ணாடிக் கோப்பையில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, முதலில் முகருங்கள். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுங்கள். கால் மணி கழித்து அதே கோப்பையை முகர்ந்தால் வேறு மணம் வரும். அந்த மாற்றத்தைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

பத்தாயத்தில் வைத்துப் பழசாக்குவது

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இந்த ஏல் வகைகளில் சில, வருடக்கணக்கில் வைத்திருந்தால் மெருகேறும். ஷிமே கிராண்ட் ரிசர்வ் பாட்டிலில் ஆண்டையே அச்சடித்து விற்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட உடனே நம் ஆட்கள் பாட்டிலை எங்கே வைக்கிறார்கள்? பரணில். பீரோ மேலே. இல்லையென்றால் நெல் போடாத பழைய பத்தாயத்தில். பத்தாயம் இருட்டு, அதில் சந்தேகமில்லை. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கெட்டு நாற்றம் எடுக்கும், அதற்கு இருட்டு நல்லதுதான். ஆனால் சித்திரை மாதம் பத்தாயத்துக்குள் கைவிட்டுப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வெயில் அதற்குள்ளும் இருக்கும்.

தெரிந்த பையன் ஒருவன் ரோஷ்ஃபோர் 10 பாட்டிலை அப்படி இரண்டு சித்திரை தாண்ட வைத்திருந்தான். திறந்த அன்று ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஊற்றினால் நுரை நிற்கவில்லை. முகர்ந்தால் சோயா சாஸ், அதற்குப் பின்னால் நனைந்த அட்டைப்பெட்டி. "ஏனுங்ணா, பழசானா இந்த வாசம்தானுங்க வரும்?" என்று ஒருவன் கேட்டான். நான் வாய் திறக்குமுன்னே பக்கத்தில் இருந்தவன் "ஆமா மாப்ளே, இதுதான் வயசு" என்று விளக்கம் சொல்லிவிட்டான். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். பாட்டில் போனது ஒரு நஷ்டம். அத்தனை பேரும் கெட்டுப்போன ருசியை முதிர்ந்த ருசி என்று மனதில் பதித்துக்கொண்டு போனது அதைவிடப் பெரிய நஷ்டம். நாளைக்கு உண்மையிலேயே நன்றாக முதிர்ந்த ஒன்று கையில் கிடைத்தால், "இதில் ஒன்றுமே இல்லையே" என்பார்கள்.

இதற்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். பத்து டிகிரி கூடினால் வேதிவினை இரண்டு மடங்கு வேகமாகும், ஆகவே இங்கே ஒரு வருடம் என்பது அங்கே நாலைந்து வருடம் என்று. கேட்கப் பொருத்தமாக இருக்கும், ஆனால் தப்பு. பாட்டிலுக்குள் நடப்பது ஒரே வினை இல்லை. மால்ட்டும் (முளைகட்டிய தானியம்) பீட் சர்க்கரையைக் காய்ச்சிய கருநிறப் பாகும் தங்களோடு இருக்கும் துளி ஆக்சிஜனை மெதுவாக வாங்கிக்கொண்டு, ஷெர்ரி, போர்ட் ஒயின் மாதிரியான மணத்துக்கு வருவது ஒன்று. அட்டை நாற்றம் பிறப்பது இன்னொன்று. வெப்பம் ஏறும்போது எல்லாம் ஒரே வீதத்தில் வேகமாவதில்லை, வேண்டாதது முந்திக்கொள்ளும். அடியில் இருக்கும் ஈஸ்ட் கதை தனி. இந்த ஏல் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிப்பதற்காக ஈஸ்டோடு அடைக்கப்படுவது. குளிர்ச்சியில் அது நெடுநாள் அமைதியாகக் கிடக்கும். சூட்டில் சீக்கிரம் செத்து, செல் உடைந்து, உள்ளே இருப்பதை வெளியே விடும். அந்தச் சோயா வாடை அங்கிருந்துதான் வருகிறது. எவ்வளவு காலம் காத்திருந்தாலும் அது ஷெர்ரி ஆகாது.

சரி, என்ன செய்வது? பெல்ஜியத்து நிலவறை 12 டிகிரியை ஒட்டி இருக்கும். நம் வீட்டில் அதற்கு வழி ஒயின் ஃப்ரிட்ஜ் மட்டும்தான். அது இல்லாதவர்கள் சாதா ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், படுக்கப்போடாமல் நிமிர்த்தி வையுங்கள். முதிர்வு மெதுவாக நடக்கும், ஆனால் சுத்தமாக நடக்கும். கரண்ட் அடிக்கடி போகும் வீடா? வைக்கவே வேண்டாம். வந்த மாதத்திலேயே குடித்துவிடுங்கள். புதியதாகவே இவை அருமையான ஏல்.

வைத்ததைத் திறக்கும் நாளில், முடிந்தால் அதே ஏலின் புதுப் பாட்டில் ஒன்றையும் பக்கத்தில் திறங்கள். நன்றாக முதிர்ந்ததில் நுரை இருக்கும், ஆல்கஹாலின் காரம் தணிந்திருக்கும், உலர்பழமும் ஷெர்ரியும் முன்னே வரும். புதியது பக்கத்தில் இருந்தால்தான் எது வந்தது, எது போனது என்று நாக்குக்குத் தெரியும். நம் பாலக்காட்டுச் சித்தூர்க் கள்ளில் காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் துல்லியமாகச் சொல்கிற நாக்கு நம்முடையது. அதனால் இதை முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது

பெரும்பாலும் கருத்த, வலுவான ஏல்தான் நன்றாக முதிரும். டுவெல் (8.5 சதவீதம்), வெஸ்ட்மாலே டிரிப்பெல் (9.5 சதவீதம்) போன்ற வெளிறியவற்றின் அழகு அவற்றின் புதுமையில். சீக்கிரம் குடியுங்கள்.

மிளகாய்

வேண்டாம். வறுத்த கறியின் காரமும் 11 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கில் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். உப்பில்லாத முந்திரி, ஒரு துண்டு கசப்புச் சாக்லேட் போதும்.

வயது

கேரளத்தில் குடிக்கச் சட்டப்படி 23 வயது ஆக வேண்டும். அதற்கு முன் கிடையாது.

வண்டி

சாவியை முதல் கோப்பைக்கு முன்னாலேயே குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மண்டியோடு கவிழ்ப்பது

பாட்டிலை ஒரு நாள் முன்பே நிறுத்தி வைத்து, கோப்பைகளுக்கு ஒரே சாய்வில் ஊற்றுங்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் நிமிர்த்தினால் மண்டி கலங்கும். விரலளவு விட்டுவிட்டு நிறுத்துங்கள். தெளிந்ததை ருசித்து முடித்த பிறகு அந்த மண்டியைத் தனியாக ஒரு சின்ன டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். புதுப் பாட்டிலில் அது ரொட்டி மாவு மாதிரி நன்றாகவே இருக்கும். பழையதில் கசக்கும், கீழே கொட்டிவிடலாம்.