சுண்ணாம்புச் சாந்துக்கு டிஜிஏ: முதல் முறை செய்பவர்களுக்கு

தக்கலைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குச் சிப்பிச் சுண்ணாம்புச் சாந்து குழைத்தோம், அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் டிஜிஏ (TGA, வெப்ப எடைப் பகுப்பாய்வு) கற்றுக்கொண்டேன். சாந்துப் பொடியைச் சீராகச் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு எடை குறைகிறது என்று பார்க்கிறோம். நீற்றிய சுண்ணாம்பு 400–500 டிகிரியில் தண்ணீரை விடும். கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாகிவிட்ட பகுதி, அதாவது கார்பனேட், 600-க்கு மேல் அந்த வாயுவை விடும்.

முதலில் சாந்துக் கட்டியை மர சுத்தியலால் மெதுவாக உடைத்து, 63 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். ஓங்கி இடித்தால் மணலும் பொடியாகிக் கலந்துவிடும்.

நான் சிக்கிக்கொண்டது இதற்கு அடுத்த இடத்தில். பொடியைக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு, நாலு நாள் கழித்து மழை விட்ட பிறகு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். வரைபடத்தில் 450 பக்கம் வர வேண்டிய படி, அதாவது எடைச் சரிவு, கிட்டத்தட்ட இல்லவே இல்லை, 700 பக்கம் மட்டும் பெரிய சரிவு. சூளையில் சிப்பி சரியாக வேகவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன், வேகாத சிப்பியும் அதே 700 பக்கம்தானே இறங்கும். ஆனால் அதே சாந்தை அன்றே உடைத்து அன்றே ஓட்டினால் 450 படி தெளிவாக நிற்கிறது! அந்த நாலு நாளில் ஈரக்காற்றில் பொடியே கார்பனேட் ஆகியிருக்கிறது. நம் கடலோரக் காற்றில் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடைத்த உடனே ஐசோபுரோப்பனாலில் அலசி, ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல்லும் கரியமில வாயுவை இழுக்கும் சோடா லைமும் போட்ட டெசிகேட்டரில் (காற்றுப் புகாத உலர்த்தும் கலத்தில்) உலர்த்தி, இறுக மூடும் குப்பியில் போட்டு வையுங்கள். 105 டிகிரி அடுப்பு வேண்டாம், ஜிப்சம் இருந்தால் அதன் நீர் அங்கேயே போகத் தொடங்கிவிடும்.

அப்புறம் இயந்திரம். 15 மில்லிகிராம் பொடி, நிமிடத்துக்கு 10 டிகிரி, நைட்ரஜன் ஓட்டம், 950 வரை. பொடியை வைக்கும் சின்னக் கிண்ணமான குரூசிபிள் அலுமினாவே போதும், பிளாட்டினம் கேட்டு நிற்காதீர்கள். காலிக் குரூசிபிளை ஒருமுறை ஓட்டி அதன் வரைபடத்தைக் கழித்துவிடுங்கள். கூடவே டிஎஸ்சி (DSC, பொடி வெப்பத்தை உறிஞ்சுவதையும் விடுவதையும் காட்டும்) கோடும் வந்தால், 573-இல் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அது குவார்ட்ஸ் மணல், எடை குறையாது.

கணக்கு எளிது. 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீர் விடும், அதனால் முதல் படியின் இழப்பை 4.11-ஆல் பெருக்குங்கள். 2 சதவீதம் குறைந்திருந்தால் 8.2 சதவீதம் இன்னும் இறுகாமல் இருக்கிறது. இரண்டாவது படியை 2.27-ஆல் பெருக்கினால் கார்பனேட் கிடைக்கும்.

பின்சேர்க்கை: மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் கலந்த சாந்தில் எடை கூடுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் ஓட்டியது காற்றில். அந்த மணலில் உள்ள இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியக் கனிமத்தின் இரும்பு, சூட்டில் ஆக்சிஜனைப் பிடித்து எடை ஏறும். நைட்ரஜனில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.