லயத்தில் 'ஸ்க்ரூஜ்' படம் போடுவது எப்படி

முதலில் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கூரையைப் பாருங்கள். தகரமாக இருந்தால், டிசம்பர் மழை பிடித்த பிறகு எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் வேலைக்காகாது. நாங்கள் இரண்டு வருஷம் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) போட்டுப் பார்த்து, ஆட்கள் வாய் அசைவதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போனோம். இப்போது வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில்தான் போடுகிறோம். அங்கே கூரைக்குக் கீழே பலகை அடித்திருக்கிறது, மழைச் சத்தம் பாதியாகக் குறையும். கரும்பலகைக்கு மேலே ஆணி ஏற்கெனவே இருக்கிறது. அதில் வெள்ளைப் பெட்சீட் ஒன்றைக் கட்டினால் திரை தயார். பெட்சீட் கீழ் லயத்துப் பாட்டியுடையது. லயத்திலேயே பூப் போடாத பெட்சீட் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் 31 வருஷம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். நத்தார் (கிறிஸ்மஸ்) வாரத்தில் இந்தப் படத்தை 14 தடவை போட்டிருக்கிறேன். என்ன செய்யக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள அந்த அனுபவம் போதும்.

எந்தப் படம் என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்மஸ் கரோல்' கதையை வைத்து எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. ஸ்க்ரூஜ் என்ற கஞ்சக் கிழவனிடம் நத்தார் இரவில் ஆவிகள் வந்து, போன காலத்தையும் வரப்போகும் காலத்தையும் காட்டி அவனைத் திருத்தும் கதை அது. நான் சொல்வது 1951இல் பிரித்தானியாவில் எடுத்தது, பிரையன் டெஸ்மன்ட் ஹேர்ஸ்ட் இயக்கி, அலஸ்டேர் சிம் நடித்த கறுப்பு வெள்ளைப் படம். அங்கே அதன் பெயர் 'ஸ்க்ரூஜ்'. அமெரிக்காவில் புத்தகத்தின் பெயரிலேயே ஓடியது. இதற்குப் பின்னாளில் சாயம் பூசிய பதிப்பு ஒன்றும் இருக்கிறது. தப்பித்தவறி அதைப் பென்டிரைவில் ஏற்றிவிடாதீர்கள். பழைய சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்த மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள்தானே, கார்ட்டூன் போடலாம் என்று நினைத்தால் 1971இல் வந்த ஒஸ்கார் வாங்கிய குறும்படம் இருக்கிறது. அதிலும் ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்தவர் சிம்தான். ஆனால் பேய் விஷயத்தில் அது இதைவிட மோசம். ஒரு தடவை போட்டு, மூன்று பிள்ளைகளை நானே கையில் பிடித்து வீட்டில் விட வேண்டி வந்தது.

படம் 86 நிமிடம். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டுக்கு முடியும். மார்கழி பஜனைக்கு விடிகாலையில் எழும்ப வேண்டியவர்களும் நம் கூட்டத்தில் இருப்பார்கள். ஒன்பதைத் தாண்டினால் அடுத்த வருஷம் வரமாட்டார்கள். 24ஆம் திகதி வேண்டவே வேண்டாம். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் நடுச்சாமப் பூசைக்கு ஆயத்தமாவார்கள், மற்றவர்கள் வெடிக்குக் காத்திருப்பார்கள்.

இனி முக்கியமான வேலை. படம் இங்கிலீசில். பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது விளங்காது. ஆகவே ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். முதல் வருஷம் நான் ஒரு வசனம் விடாமல் சொன்னேன். பாதிப் படத்தில் கீழ் லயத்துப் பாட்டி எழுந்து, "வாத்தியாரே, கொஞ்சம் வாய மூடுங்க. அந்த மனுசன் பேசுறது கேக்கல" என்றார். பாட்டிக்கு இங்கிலீசில் 'டீ'யும் 'லொறி'யும் தவிர வேறொன்றும் தெரியாது.

அப்போதுதான் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா துரை பங்களாவின் சமையற்காரரான அப்புவுக்குக் கைவேலை ஆளாக இருந்தவர். அறுபதுகளில் ஒரு நத்தாருக்குத் துரைமார் கிளப்பில் ரீல் போட்டு இந்தப் படம் காட்டியிருக்கிறார்கள். அப்பா பீங்கான்களை அடுக்கிக்கொண்டே குசினிக் கதவிடுக்கால் பார்த்தாராம். அந்தக் கதையைத்தான் நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து வருஷா வருஷம் கேட்போம். வெகு காலத்துக்குப் பிறகு கொழும்பில் ஒரு வீட்டில் கசெட்டில் படத்தைப் பார்த்தபோது, அப்பா சொன்னதில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. வேலைக்காரி டில்பர் அம்மாவை அவர் ஸ்க்ரூஜின் பெண்சாதி என்று நினைத்திருந்தார். "அந்தாள் மூஞ்சியே தமிழ் பேசும்டா" என்பார். சிம்மின் அந்தப் பெரிய கண்களைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

ஆகவே சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியைப் படம் தொடங்கும் முன்னே சொல்லி முடித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். யார் யார், யாருக்கு யார் என்ன முறை, சம்பளம் எவ்வளவு. சம்பளக் கணக்கை விட்டுவிடாதீர்கள். ஸ்க்ரூஜின் கிளாக்கர் பொப் கிராச்சிட்டுக்கு வாரத்துக்கு 15 ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண். இதை இன்றைய ரூபாயில் சொல்லப் போய் நான் ஒரு வருஷம் மாட்டிக்கொண்டேன், பின்வரிசையில் பெடியன்கள் கல்குலேட்டரை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே வரிதான்: "பொப்புக்கு வருஷம் முழுக்க அரைப் பேர்." கொழுந்து குறைந்த நாளில் அரைச் சம்பளம் விழுந்த பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நத்தாருக்கு ஒரு நாள் லீவு கேட்டால் ஸ்க்ரூஜ் முகத்தைச் சுழிப்பதற்கும் விளக்கம் தேவைப்படாது.

அவன் அடிக்கடி சொல்லும் 'ஹம்பக்' என்ற சொல் இருக்கிறதே, அதற்குத் தமிழ் தேடி நான் பட்ட பாடு! 'ஏமாற்று', 'பித்தலாட்டம்', 'வெறும் பேச்சு' என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் "பம்மாத்துன்னு சொல்லுங்க சேர்" என்றாள். அதோடு முடிந்தது. இப்போது அவன் வாயைத் திறக்கும் முன்னே பிள்ளைகள் "பம்மாத்து!" என்று கத்துவார்கள். கத்த விடுங்கள். அதற்குத்தான் கூட்டமாகப் பார்ப்பது.

படம் ஓடும்போது வாய் திறக்க வேண்டிய இடங்கள் மிகச் சில. ஒன்று சாப்பாட்டுக் கடை. ஸ்க்ரூஜ் இன்னும் கொஞ்சம் பாண் கேட்பான். அரைப் பென்னி கூட ஆகும் என்பார் பரிமாறுகிறவர். அப்படியென்றால் வேண்டாம் என்பான். கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும், ஆனால் முழு ஆளும் அதில் இருக்கிறான். உடனே சொல்லுங்கள், ஒரே வரியில்.

ஸ்க்ரூஜின் செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி வரும் இடத்தில் பேசாதீர்கள். காசுப்பெட்டியும் சாவியும் கணக்குப் புத்தகமும் சங்கிலியில் கோத்து இழுத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால், முனிக்குச் சுருட்டு வைத்துக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு விஷயம் தானாகப் பிடிபடும். ஒரு வருஷம் மார்லி அலறுகிற அதே நொடியில் கரண்ட் போனது. அதைப் போல ஒரு காட்சியை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. (லெப்டொப்பை முழுக்கச் சார்ஜ் செய்து வையுங்கள். புரொஜெக்டர் நின்றாலும் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துச் சின்னத் திரையில் முடிக்கலாம்.)

அடுத்தது, ஸ்க்ரூஜின் உடன்பிறந்தவள் சாகும் இடம். அவள் பெயர் 'ஃபேன்'. பெயரைச் சொன்னால் பெடியன்கள் மேலே பார்த்துச் சிரிப்பார்கள், ஆகவே 'அக்கா' என்றே சொல்லுங்கள். புத்தகத்தில் அவள் தங்கை. படத்தில் ஸ்க்ரூஜைப் பெற்றபோதே தாய் இறந்ததாக மாற்றிவிட்டார்கள், அதனால் அக்காவாகிறாள். அவளும் பிள்ளை பெற்ற படுக்கையிலேயே போகிறாள். தம்பி ஆத்திரத்தில் வெளியே நடந்துவிடுகிறான், அவளது கடைசி வார்த்தையைக் கேட்காமலே. கிழவனான பிறகு ஆவியோடு வந்து நிற்கும்போதுதான் அது அவன் காதில் விழுகிறது: என் பிள்ளையைப் பார்த்துக்கொள். மெதுவாக ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பிரசவத்துக்குத் தோட்டத்து லொறியில் ஏற்றிப் போனவர்களும், அப்படிப் போய்த் திரும்பி வராதவர்களின் பிள்ளைகளும் அந்தக் காம்பராவில் உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டு வருஷம் இந்த இடத்தில் படத்தை நிறுத்தி விளக்கம் சொன்னேன். செய்திருக்கக்கூடாது.

வரப்போகும் காலத்தில் செத்துக்கிடக்கும் ஸ்க்ரூஜின் சாமான்களைத் திருடி விற்கும் காட்சிக்கு மட்டும் கொஞ்சம் கூடவே பேசலாம். பெரியவர்களுக்குப் பிடித்த இடம் இது. கட்டில் திரையைக்கூட வளையத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். "வளையத்தோட!" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நத்தார்க் காலை. இங்கேதான் நாம் உட்கார்ந்துவிட வேண்டும், மெய்யாகவே தரையில். சிம் சிரிப்பதும் ஆடுவதும் தலைகீழாக நிற்கப் பார்ப்பதும், டில்பர் அம்மா பயந்து ஏப்ரனை முகத்தில் போட்டுக்கொண்டு கத்தியபடி படியிறங்கி ஓடுவதும் எந்தப் பாஷைக்கும் சொந்தமில்லை. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். அவன் கண்ணாடி பார்க்கும் இடத்தில், படம் பிடித்தவர்களில் ஒருவர் கண்ணாடியில் தெரிவார். கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு துண்டுக் கேக் கூட. படியில் வைத்து டில்பர் அம்மாவுக்கு வாரம் 2 ஷில்லிங்கை 10 ஆக்குகிறான். கை விரலால் காட்டுங்கள், போதும். எங்கள் ஆட்கள் கைதட்டுவது இந்த இடத்தில்தான், பொப்பின் நோயாளி மகன் சின்ன டிம் பிழைத்ததற்கு அல்ல. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் வேறு எதற்குக் கைதட்டுவார்கள்?

இஞ்சி போட்ட பிளேன்டீயைப் படம் முடிந்த பிறகு கொடுங்கள். நடுவில் கொடுத்தால் கப் சத்தம், பிறகு வெளியே போகிறவர்களின் கதவுச் சத்தம். ரவைக் கேக் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அவித்த கடலையும் தேங்காய்த் துண்டும்.

ஆட்கள் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே பெட்சீட்டை அவிழ்த்துவிடுங்கள். அந்தக் குளிரில் பாட்டி அதைப் போர்த்தித்தான் படுக்க வேண்டும். போன வருஷம் அதை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினோம். பாட்டி கதவில் நின்று, "என் பெட்சீட்டு எங்கடா?" என்று கேட்டார். முன்னால் போன பெடியன் முதுகுக்குப் பின்னால் அதை ஒளித்துக்கொண்டு சொன்னான்: "வளையத்தோட வித்தாச்சு பாட்டி!"