அப்கிரேட் முடிந்ததும் டெர்மினல் கத்துகிறதா? பேஷ்ஆர்சியில் கை வைக்கும் முன்

உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாறிய அன்று இரவு டெர்மினலைத் திறந்தேன். பிராம்ப்ட் வருவதற்கு முன்பே ஆறேழு வரிக்குப் பிழைச் செய்தி. விர்ச்சுவல்என்வ்ராப்பர் என்ற பைத்தான் மாட்யூலைக் காணோம் என்பதுதான் சாரம். தூக்கக் கலக்கத்தில் யோசிக்கவே இல்லை. ஹோமில் (என் சொந்த ஃபோல்டரில்) இருந்த .பேஷ்ஆர்சியை, அதாவது டெர்மினல் திறக்கும்போதெல்லாம் பேஷ் ஷெல் (நாம் அடிக்கும் கமாண்டுகளை ஓட்டும் புரோகிராம்) படிக்கும் அமைப்புக் கோப்பை, அழித்துவிட்டு, /இடிசி/ஸ்கெல் ஃபோல்டரில் சிஸ்டம் வைத்திருக்கும் புத்தம்புது நகலை எடுத்துப் போட்டேன். பிழை நின்றது. கூடவே வருஷக்கணக்காகச் சேர்த்த ஏலியாஸ் (கமாண்டுகளுக்கு நானே வைத்த சுருக்கப் பெயர்கள்) எல்லாம் போனது. இன்னொன்றும் போனது, அது மறுநாள்தான் தெரிந்தது.

உபுண்டு அப்கிரேட் உங்கள் ஹோமில் இருக்கும் .பேஷ்ஆர்சியைத் தொடுவதில்லை. நேற்று இருந்த அதே கோப்புதான் இன்றும் இருக்கும். அது யாரையெல்லாம் கூப்பிடுகிறதோ அவர்கள்தான் வீடு மாறியிருப்பார்கள். 20.04-இல் பைத்தான் 3.8, 22.04-இல் 3.10. பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) கமாண்டில் --யூசர் சேர்த்து நிறுவியதெல்லாம் ஹோமுக்குள் .லோக்கல்/லிப்/பைத்தான்3.8 என்ற ஃபோல்டரில்தான் கிடக்கும். புது பைத்தான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த மாட்யூலைப் புது பைத்தானுக்கு மறுபடி நிறுவுவது. பழைய விர்ச்சுவல் என்விரான்மென்ட்களுக்கும் (ஒவ்வொரு வேலைக்கும் தனியாக வைக்கும் பைத்தான் சூழல்கள்) இதே கதிதான். அவற்றை ஒட்டுப்போட்டு நேரத்தை வீணாக்காமல், தேவையான பேக்கேஜ்களைக் குறித்துக்கொண்டு புதிதாகவே உருவாக்கிவிடுங்கள்.

இடிசி ஃபோல்டரில் இருக்கும் பொதுக் கோப்புகள் வேறு விஷயம். அவற்றில் நீங்கள் கை வைத்திருந்தால், அப்கிரேட் நடுவில் நிறுத்தி, பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். பலர் படிக்காமலே 'ஒய்' அடித்துவிடுகிறார்கள். 'டி' அடித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே காட்டும். ஏற்கெனவே 'ஒய்' அடித்தாகிவிட்டதா? பழைய கோப்பு .டிபிகேஜி-ஓல்ட் என்ற வாலோடு அங்கேயே இருக்கும்.

இனி மறுநாள் தெரிந்த விஷயம். மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பழைய கமாண்டைத் தேடும் பழக்கம் எனக்கு உண்டு. அதற்காகவே, ஹிஸ்டரி கோப்பில் எத்தனை வரி இருக்கலாம் என்று சொல்லும் ஹிஸ்ட்ஃபைல்சைஸ் மதிப்பை 50,000 என்று வைத்திருந்தேன். ஸ்கெல் நகலில் அது 2000. புது .பேஷ்ஆர்சியோடு முதல் டெர்மினல் திறந்த அந்த நொடியே, பேஷ் என் ஹிஸ்டரி கோப்பைக் கடைசி 2000 வரிக்கு வெட்டிவிட்டது. கேள்வியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. .பேஷ்ஆர்சியே இல்லாமல் திறந்தால் இன்னும் மோசம்: பேஷின் சொந்தக் கணக்கு 500 வரிதான். 'பேஷ் --நோஆர்சி' என்று சுத்தமான ஷெல் திறந்து பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நல்ல யோசனைதான். அதற்கு முன் .பேஷ்ஆர்சி, .பேஷ்_ஹிஸ்டரி இரண்டையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வீடியோ ஒன்றைச் சுருக்க நான் எழுதிய நீளமான கமாண்டை இன்றுவரை மறுபடி எழுத முடியவில்லை.

பிழை எந்த வரியில் என்று தெரியாமல் இங்கே இரண்டு வரி, அங்கே மூன்று வரி என்று அழித்துப் பார்ப்பது அடுத்த தவறு. 'பேஷ் -என்' போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், எதையும் ஓட்டாமல் இலக்கணப் பிழையை மட்டும் சொல்லும். மூடாத மேற்கோள், 'ஃபி' இல்லாத 'இஃப்' எல்லாம் இதில் மாட்டும். காணாமல் போன புரோகிராம் மாட்டாது. அதற்கு 'பேஷ் -ஐஎக்ஸ்'. ஒவ்வொரு வரியையும் ஓட்டும்போதே திரையில் எழுதிக்கொண்டு போகும். பிழைச் செய்திக்கு நேர் மேலே இருக்கும் வரிதான் குற்றவாளி. அந்த ஒரு வரிக்கு முன்னால் # போட்டால் போதும்.

பாத் (புரோகிராம்களை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்ற பட்டியல்) வரியைத் திருத்தும்போது கடைசியில் இருக்கும் :$பாத் என்ற துண்டை விட்டுவிட்டால், அடுத்த டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்கூட வேலை செய்யாது. பதறி ரீஇன்ஸ்டால் செய்தவர்கள் உண்டு. தேவையே இல்லை. /யூஎஸ்ஆர்/பின்/நானோ என்று முழு முகவரியோடு அடித்தால் எடிட்டர் திறக்கும், வரியைச் சரிசெய்துவிடலாம். இணையத்திலிருந்து ஒட்டிய வரி என்றால் மேற்கோள் குறிகளையும் பாருங்கள்: வளைந்த குறிகளை பேஷ் மேற்கோளாகவே மதிக்காது.

எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழையும் முறை) வழியாக வந்தால் மட்டும் ஏலியாஸ்கள் வேலை செய்யவில்லையா? ஹோமில் .பேஷ்_புரொஃபைல் என்று புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவல் ஸ்கிரிப்ட்கள் அதை உருவாக்கிவிடும். அது இருந்தால் பேஷ் .புரொஃபைலைப் படிக்காது; .பேஷ்ஆர்சியைக் கூப்பிடும் வரி இருப்பதோ .புரொஃபைலில். .பேஷ்_புரொஃபைலுக்குள் இருப்பதை .புரொஃபைலுக்கு மாற்றிவிட்டு, அந்தப் புதுக் கோப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

திருத்தியதும் அதே டெர்மினலில் 'சோர்ஸ்' (கோப்பை அங்கேயே மறுபடி படிக்க வைக்கும் கமாண்ட்) போட்டுவிட்டு, சரியாகிவிட்டது என்று நம்பக் கூடாது. நீங்கள் அழித்த ஏலியாஸ் அந்த ஷெல்லின் நினைவில் இன்னும் இருக்கும். பாத் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுப் பெருக்கும். பழைய டெர்மினலை மூடாமல் வைத்துக்கொண்டு, புது டெர்மினலில் சோதியுங்கள். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் இதில் சமரசமே வேண்டாம். .பேஷ்ஆர்சியில் ஒரு 'எக்ஸிட்' தப்பி விழுந்தாலும், உள்ளே நுழைந்த வேகத்தில் வெளியே தள்ளிவிடும். அப்போது கையில் இருக்கும் ஒரே கதவு அந்தப் பழைய செஷன்தான்.

அந்தப் பழைய டெர்மினலில், நிறுவியிருக்கும் புரோகிராமையே 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று சொன்னால் மறுபடி .பேஷ்ஆர்சியைக் கிளறாதீர்கள். அப்கிரேடுக்கு முன் அது எங்கே இருந்தது என்பதை பேஷ் மனப்பாடமாக வைத்திருக்கிறது. 'ஹாஷ் -ஆர்' அடித்தால் மறந்துவிட்டுப் புதிதாகத் தேடும்.