அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில்: உரிமமும் பயிற்சியும்

அமெரிக்காவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை திறக்க மத்திய அரசு எந்தப் படிப்பும் கேட்பதில்லை. லேத் ஓட்டத் தெரியுமா என்றுகூடக் கேட்காது. ஆள் யார், கடை எங்கே, கணக்கு ஒழுங்கா என்பதுதான் அதன் கவலை.

1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இதைத் தொழிலாகச் செய்பவரும் டீலர்தான். மத்திய அரசின் துப்பாக்கி ஒழுங்குமுறை அமைப்பான ஏடிஎஃப் தரும் டைப் 01 உரிமம் வேண்டும்: 3 ஆண்டுக்கு 200 டாலர், புதுப்பிக்க 90. ரிசீவர் (மற்ற பாகங்கள் பூட்டப்படும் துப்பாக்கியின் உடற்பகுதி) வாங்கி, துப்பாக்கியாகப் பூட்டி விற்கப்போகிறவருக்கு டைப் 07, 150 டாலர். விலை குறைவென்று இதற்குத் தாவ வேண்டாம், ஆண்டுதோறும் உற்பத்தி அறிக்கை தர வேண்டிவரும்.

மனுவுக்கு முன் ஊராட்சியின் நிலப் பயன்பாட்டு விதியைப் பாருங்கள். வீட்டு கராஜில் தொழில் நடத்த அந்தத் தெருவில் அனுமதி இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். பிறகு உரிம மனுவான படிவம் 7, விரல்ரேகை அட்டை, புகைப்படம். ஒரு பிரதி உள்ளூர் போலீஸ் தலைவருக்கு. வயது 21 ஆகியிருக்க வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே பொதுவாகத் தடை. கிரீன் கார்டுக்காரருக்கு அந்தத் தடை இல்லை. ஏடிஎஃப் ஆய்வாளர் நேரில் பேசுவார். முடிவுக்கு 60 நாள் கெடு; ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் அந்தக் கணக்கு தொடங்காது. மாநில உரிமம், விற்பனை வரிப் பதிவு தனி.

உரிமம் வந்த பிறகு ஆபத்து, துப்பாக்கிகள் வந்துபோவதை எழுதும் வரவு–செலவுப் பதிவேட்டில்தான். இரவு கடையில் தங்கும் துப்பாக்கியை மறுநாள் வேலைநேரம் முடிவதற்குள் வரவு வைக்க வேண்டும். திருப்பித் தந்ததை 7 நாளுக்குள் எழுத வேண்டும். அன்றே சரிசெய்து கொடுத்தனுப்பினால் பதிவு தேவையில்லை. கொடுத்தவரே வாங்கிப்போனால், துப்பாக்கி பெறுபவர் நிரப்பும் படிவம் 4473 வேண்டாம். அவருடைய தம்பி வந்து கேட்டால் வேண்டும், பின்னணிச் சோதனையும் சேர்த்து. பழகிய முகம் என்று இங்கேதான் வழுக்கும். திருட்டு போனது தெரிந்த 48 மணி நேரத்துக்குள் ஏடிஎஃப், போலீஸ் இரண்டுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சிக்குக் கொலராடோவில் டிரினிடாட் ஸ்டேட் கல்லூரி, கலிபோர்னியாவில் லாசன் கல்லூரி, வட கரோலினாவில் மாண்ட்காமரி கல்லூரி ஆகியவை பெயர்பெற்றவை. அஞ்சல்வழிப் பாடம் பாகங்களின் பெயரைக் கற்றுத்தரும், கையைப் பழக்காது. லேத், மில்லிங், வெல்டிங் மூன்றும் பட்டறையில்தான் வரும்.

பேரல் (துப்பாக்கிக் குழல்) மாற்றும் வேலையை ஹெட்ஸ்பேஸ் அளக்கத் தெரியாமல் ஏற்காதீர்கள். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டின் முகத்துக்கும், தோட்டா முன்னே போகாமல் நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் அது. ‘கோ’ கேஜ் (தோட்டா வடிவ அளவுக் கட்டை) வைத்தால் போல்ட் மூட வேண்டும். அதைவிடச் சற்று நீளமான ‘நோ-கோ’ வைத்தால் மூடக் கூடாது. இடைவெளி கூடினால் சுடும்போது தோட்டாக்கூடு நீண்டு அடிப்பக்கம் பிளந்து, சூடான வாயு சுடுபவர் பக்கம் பாயும். இடைவெளி குறைந்தால் போல்ட் மூடாது. கேஜை வைக்கும் முன், தோட்டாக்கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரைக் கழற்றிவிடுங்கள். அதன் ஸ்பிரிங் தள்ளுவதால் கைக்குப் பொய்யான இறுக்கம் தெரியும்.