லாக் கோப்பை அழித்த பின்னும் வட்டு நிறைந்தே இருப்பது ஏன்?

வலைச் சேவையகத்தின் லாக் கோப்புகளை, அதாவது வந்த கோரிக்கைகளையும் நேர்ந்த பிழைகளையும் பதியும் கோப்புகளை, பலர் நினைத்துப் பார்ப்பதே வட்டு நிரம்பித் தளம் முடங்கிய பிறகுதான். கணக்கு எளிது. ஒரு கோரிக்கைக்கு ஏறத்தாழ 250 பைட் கொண்ட ஒரு வரி எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 கோரிக்கைகள் வந்தால், ஒரு நாளைக்கு 86,40,000 வரிகள் சேர்கின்றன. அதாவது 2 ஜிபிக்குச் சற்று அதிகம். வட்டில் 40 ஜிபி காலியாக இருந்தாலும் மூன்று வாரம் தாங்காது. நிரம்பிய அன்று பதற்றத்தில் எடுக்கப்படும் நடவடிக்கைகள்தாம் பெரும்பாலும் சிக்கலை இன்னும் ஆழமாக்குகின்றன.

அவற்றுள் முதன்மையானது, பெருத்துவிட்ட கோப்பை ஆர்எம் கட்டளையால் அழிப்பது. லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்புறையில் தெரிவது பெயர் மட்டுமே. தரவு ஐநோடு என்னும் உள் பதிவின் கீழ் இருக்கிறது. பெயர்கள் எல்லாம் நீங்கி, அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசிச் செயல்முறையும் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) அதை மூடிய பிறகே இடம் திரும்பக் கிடைக்கும். வலைச் சேவையக நிரல்களான என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ லாக் கோப்பை எப்போதும் திறந்தே வைத்திருப்பதால், பெயரை நீக்கிய பின்னும் அது பெயரற்ற அதே கோப்பில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். கோப்புறைகளைக் கூட்டிப் பார்க்கும் டியூ கட்டளை இடம் இருப்பதாகச் சொல்லும். கோப்பு முறைமையையே கேட்கும் டிஎஃப் கட்டளை வட்டு 100 விழுக்காடு நிறைந்திருப்பதாகச் சொல்லும். நானும் ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் பார்த்து, வட்டே பழுதாகிவிட்டதோ என்று ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன். எல்எஸ்ஓஎஃப் கட்டளையை '+எல்1' தெரிவுடன் இயக்கினால், பெயர் நீக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகள் எந்தச் செயல்முறையின் பிடியில் உள்ளன என்பது தெரிந்துவிடும். அதன்பின் என்ஜின்எக்ஸின் முதன்மைச் செயல்முறைக்கு லாக்கை மறுபடி திறக்கச் சொல்லும் யுஎஸ்ஆர்1 சமிக்ஞையை அனுப்பினாலோ, அப்பாச்சியை நடப்புக் கோரிக்கைகளைத் துண்டிக்காத 'கிரேஸ்ஃபுல்' முறையில் மறுதொடக்கம் செய்தாலோ பழைய கோப்பு விடுவிக்கப்படும். இயந்திரத்தையே அணைத்துத் தொடங்க வேண்டிய தேவையில்லை.

கோப்பை அழிப்பதைவிட, டிரங்கேட் கட்டளையால் அதன் அளவைப் பூஜ்ஜியமாக்குவதே சரியான முதலுதவி. வலைச் சேவையகங்கள் கோப்பின் கடைசியில் சேர்த்து எழுதும் முறையில் அதைத் திறப்பதால், அடுத்த வரி புதிதாகத் தொடக்கத்திலிருந்தே விழும். ஆனால் ஒரு செயலியின் வெளியீட்டை ஒற்றைக் கோணக்குறியால் (>) கோப்புக்குத் திருப்பியிருந்தால் இது பொருந்தாது. அச்செயலி தான் விட்ட இடத்தை நினைவில் வைத்திருந்து அங்கிருந்தே எழுதுவதால், நடுவே ஓட்டை கொண்ட கோப்பு உருவாகி, பட்டியலில் மறுபடியும் 40 ஜிபி என்று மிரட்டும். வட்டில் உண்மையில் அவ்வளவு இடம் பிடித்திருக்காது. கடைசியில் சேர்த்து எழுதும் இரட்டைக் கோணக்குறியை (>>) பயன்படுத்தியிருந்தால் இந்தக் குழப்பமே நேராது.

நிறைந்த வட்டிலேயே பெரிய கோப்பை ஜிஜிப் கொண்டு சுருக்க முயல்வதும் தவறு. சுருக்கிய பிரதி முழுமையாக எழுதி முடிக்கப்படும் வரை மூலக் கோப்பும் அப்படியே இருக்கும் என்பதால், இந்த வேலைக்கே கூடுதல் இடம் வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இயல்பாக 5 விழுக்காட்டு இடத்தை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. ரூட்டாக நுழைந்து சுருக்கத் தொடங்கினால், அந்தக் கடைசிக் கையிருப்பும் கரையக்கூடும். லாக் தேவையென்றால், சுருக்கிய வெளியீட்டை எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நேரே வேறொரு இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டு, அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகு இங்குள்ளதைக் காலியாக்கலாம்.

லாக் கோப்புகளைக் குறித்த காலத்தில் பெயர் மாற்றி ஒதுக்கி, மிகப் பழையவற்றை நீக்கும் (இதுவே சுழற்றுதல்) லாக்ரொடேட் நிரல் இருக்கிறதே என்ற நம்பிக்கையிலும் பல ஓட்டைகள் உள்ளன. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் தொகுப்புகளோடு வரும் அமைப்பு, வார் லாக் (/var/log) கோப்புறையில் சேவையகத்துக்கென உள்ள உட்கோப்புறையை மட்டுமே கவனிக்கும். ஒவ்வொரு தளத்தின் லாக்கையும் அந்தத் தளத்தின் கோப்புறையிலேயே வைத்தவர்கள் தாமாக ஒரு விதி எழுதாவிட்டால், அவை ஒருநாளும் சுழற்றப்படா. 'சைஸ் 100எம்' என்று எழுதிவிட்டால் கோப்பு 100 எம்பியைத் தாண்டாது என்று நினைப்பதும் பரவலான தவறு. லாக்ரொடேட் காவல் காத்துக்கொண்டிருக்கும் நிரல் அன்று. வழக்கமாக நாளுக்கு ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டுப் போகும். காலையில் தொடங்கும் தாக்குதல் மாலைக்குள் வட்டை நிரப்பிவிட்டால், அதற்குத் தெரியவே தெரியாது. போக்குவரத்து மிகுந்த தளங்களில் அதை மணிக்கொருமுறை இயங்கவைத்து, 'சைஸ்' என்பதற்குப் பதிலாக 'மேக்ஸ்சைஸ்' எழுதுவது நல்லது. முன்னது கால அட்டவணையைப் புறக்கணித்துவிடும், பின்னது இரண்டையும் மதிக்கும்.

சுழற்றிய பின் சேவையகத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் 'போஸ்ட்ரொடேட்' பகுதியை விட்டுவிட்டால், பெயர் மாறிய பழைய கோப்பிலேயே வரிகள் விழுந்துகொண்டிருக்கும். காரணம் மேலே சொன்ன அதே பெயர்–கோப்பு வேறுபாடுதான். இதைத் தவிர்க்கச் சிலர், கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்கும் 'காப்பிடிரங்கேட்' தெரிவை நாடுகிறார்கள். நகலெடுத்து முடிவதற்கும் காலியாக்குவதற்கும் இடைப்பட்ட கணத்தில் வரும் வரிகள் அதில் தொலைந்துவிடும்; நகலுக்கு இடமும் இருமடங்கு வேண்டும். சமிக்ஞையைப் புரிந்துகொள்ளாத செயலிகளுக்கு அது போதும், வலைச் சேவையகத்துக்கு வேண்டாம். விதியில் வெறும் நட்சத்திரக் குறியை மட்டும் இட்டால் ஏற்கெனவே சுழற்றிய கோப்புகளும் மீண்டும் சுழற்றப்பட்டு, பெயரின் வால் நீண்டுகொண்டே போகும். '-டி' தெரிவுடன் இயக்கினால் எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் அது காட்டும்; புதிய விதியை எழுதிய அன்றே இதைப் பார்த்துவிட வேண்டும்.

லாக்கைக் குறைக்கிறேன் என்று அணுகல் பதிவையே நிறுத்திவிடுவது இன்னொரு எல்லை. சேவையகம் உயிரோடிருக்கிறதா என்று சில நொடிகளுக்கொருமுறை கேட்கும் கண்காணிப்புக் கோரிக்கைகளையும் படங்கள், பாணித்தாள்கள் போன்றவற்றுக்கான கோரிக்கைகளையும் பதிவிலிருந்து விலக்குவதில் தவறில்லை; பிழை தேடுவதற்காக நுணுக்கமான விவரங்களையும் எழுதும் 'டீபக்' நிலைக்கு உயர்த்திய பிழைப்பதிவை வேலை முடிந்ததும் இறக்கிவிடுவது கட்டாயம். மற்றவற்றை விட்டுவிட்டால், யாரேனும் ஊடுருவிய அன்று கையில் ஒன்றும் இருக்காது. மேலும் 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்–இன் வெளியிட்ட உத்தரவு, சேவை வழங்குநர்களும் நிறுவனங்களும் தங்கள் அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. டெபியனின் இயல்பான அமைப்பு 14 நாட்களுக்கானதை மட்டுமே வைத்திருக்கும். ஆகவே எத்தனை பழைய கோப்புகளை வைத்திருக்க வேண்டும் என்னும் சுழற்சி எண்ணை 180 ஆக உயர்த்தி அதே வட்டை நிரப்புவதைவிட, சுருக்கிய கோப்புகளை நாள்தோறும் தனிச் சேமிப்பகத்துக்கு நகர்த்துவதே பொருத்தமானது.

வலை லாக்கைச் சரிசெய்தும் வட்டு நிறைந்தால், செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் டாக்கரைப் பாருங்கள். அதன் இயல்பான ஜேசன் வடிவ லாக்குக்கு அளவு வரம்பே கிடையாது. இடம் இருந்தும் புதிய கோப்பை உருவாக்க முடியாவிட்டால், டிஎஃப் கட்டளையை '-ஐ' தெரிவுடன் இயக்கி ஐநோடுகள் தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். புதிய சேவையகம் அமைப்பவர்கள் லாக்குகளுக்குத் வட்டில் தனிப் பிரிவை (பார்ட்டிஷன்) ஒதுக்கினால், லாக் நிரம்பும் நாளிலும் தரவுத்தளம் எழுத இடமின்றி நிற்காது.